விதிநூல் யாருடையது?

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்குப் பரமபதம் ஆடுவது நம் பக்கத்து வழக்கம். சித்தூரில் எங்கள் தெருவில் தமிழ் வீடும் தெலுங்கு வீடும் மாறி மாறி இருக்கும். நாங்கள் பரமபதம் என்பதை எதிர்வீட்டார் வைகுண்டபாளி என்பர். நம் பல்லாங்குழி அவர்களுக்கு வாமனகுண்டலு. நம் ஆடுபுலி ஆட்டம் அவர்களுக்குப் புலிமேகா. பெயர்தான் இரண்டு, பாம்பும் ஏணியும், குழியும் முத்தும், புலியும் ஆடும் ஒன்றே. இவ்வாட்டங்களுக்கெல்லாம் விதிநூல் எது என்று கேட்டால், பாட்டியின் நாக்கு என்றுதான் விடை சொல்ல வேண்டும். குழிக்கு ஐந்து முத்தா, ஆறு முத்தா என்று வழக்கு எழுந்தால் வீட்டில் மூத்தவர் எவரோ அவர் சொன்னதே தீர்ப்பு. அத்தீர்ப்பு அடுத்த தெருவில் செல்லாது. அதனால் எவருக்கும் ஒரு காசும் நட்டமில்லை.

இன்று நம் விடுதிகளில் இரவு உணவுக்குப் பின் நடைபெறும் ஆட்டங்கள் வேறு இனத்தவை. அவை நூலோடு கூடவே பிறந்தவை. நூல் இன்றேல் ஆட்டமும் இல்லை. ஒருவர் கதை நடத்துவார். மற்ற நால்வரோ ஐவரோ ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். கதவு உடைந்ததா, பூதத்தின் அடிக்கு வீரன் தப்பினானா என்பதைப் பகடை சொல்லும். பகடையும் நம் தாயக்கட்டையைப் போன்றதன்று. நான்கு முகம், ஆறு முகம், எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது முகம் என்று அறுவகை உண்டு. நம் முருகனே ஆறு முகத்தோடு நிறைவு கொண்டான். இவர்கள் இருபது வரை போய்விட்டார்கள்! மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடுவதால் இவற்றை மேசையாட்டம் என்றே இங்குக் குறிப்பிடுகிறேன்.

அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகைக்கு முன்னோடி. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். விலை 10 டாலர். முதலில் அச்சிட்டவை 1,000 பெட்டிகள். அந்த நாளிலேயே பத்து டாலரா என்று மலைத்த கல்லூரி மாணவர் பலர் நகற்பொறியை நாடினார்கள். ஆகவே இத்துறையில் நூலின் வயதும் களவின் வயதும் ஏறக்குறைய ஒன்றுதான் எனலாம். அன்று பக்கம் பக்கமாக நகலெடுக்க வேண்டியிருந்தது. இன்று செல்பேசியில் ஒரு விரல் அசைவு போதும். முந்நூறு பக்க நூல் காட்பாடியிலிருந்து புறப்பட்ட இரயில் பாகாலா வந்து சேர்வதற்குள் பத்துப் பேர் கைக்குப் போய்விடும்.

நம் விடுதியில் மூத்த மாணவர் ஒருவர் இருந்தார். படிப்பு முடித்துச் சென்றுவிட்டார். அவரிடம் ஒரு பென் டிரைவ் இருந்தது. அதை அவர் 'என் அட்சய பாத்திரம்' என்பார். மேசையாட்ட விதிநூல்கள் பல நூறு அதனுள் பி.டி.எஃப். கோப்புகளாகக் கிடந்தன. புதிதாக ஆடவருகிறவர் எவராயினும், "தம்பி, உனக்கு என்ன வேணும்? எடுத்துக்கோ" என்று அள்ளிக் கொடுப்பார். நல்ல மனிதர், இதில் எனக்கு ஐயமே இல்லை. மெஸ் கட்டணம் கட்ட முடியாமல் தவித்த இருவருக்குத் தம் கைப்பணத்தைக் கொடுத்தவர். ஒருநாள் அவரிடம், "அண்ணா, இதெல்லாம் விலைக்கு விற்கிற நூல் ஆயிற்றே?" என்றேன். அவர் சிரித்தார். "நான் நாலாயிரம் கொடுத்துத்தான் அமெரிக்காக்காரன் பெட்டி நிறையணுமா தம்பி? அவன் மட்டும் நம்மகிட்ட கேட்டுட்டா எடுத்தான்?" என்றார்.

அவர் கேட்டதில் இரண்டு கேள்விகள் உண்டு. இரண்டையும் நான் பல நாள் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

முதலாவது விலை. அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஆட்டத்தின் 'ஆட்டக்காரர் கையேடு' ஒன்றின் விலையே 50 டாலர் அளவில் இருக்கிறது. ஆட்டத்தை முழுமையாக நடத்த அதனோடு இன்னும் இரண்டு நூல்கள் வேண்டும். மூன்றையும் வாங்குவதென்றால் நம்மில் பலர் வீட்டிற்கு எழுதிக் கேட்கவும் கூசுவோம். சரி, அச்சு நூல்தான் விலை மிகுதி, மின்பதிப்பையாவது வாங்கலாம் என்றால் அங்கும் ஒரு வேடிக்கை. அதை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்னும் நிறுவனம், தன் நடப்புப் பதிப்பின் மூல நூல்களைப் பி.டி.எஃப். கோப்பாக விற்பதே இல்லை. தன் தளத்துக்குள் வந்து படித்துக்கொள்ளும் உரிமையைத்தான் விற்கிறது.  ஆக, நேர்மையாகக் காசு கொடுப்பவனுக்குக் கிடைக்காத வசதி, களவாடுபவனுக்குக் கிடைக்கிறது! கடைக்காரன் பூட்டிவைத்த பண்டத்தைத் திருடன் நல்ல பொட்டலமாகக் கட்டித் தருகிறான் என்றால், குற்றம் திருடனுடையதே ஆயினும் கடைக்காரனும் சற்று யோசிக்க வேண்டும் அன்றோ?

ஆனால் அந்தப் பென் டிரைவில் இருந்தவை எல்லாம் அப்பெருநிறுவனத்தின் நூல்கள் அல்ல. பெரும்பாலானவை ஒருவர், இருவர் சேர்ந்து எழுதியவை. இணையத்தில் இரண்டு டாலருக்கும் ஐந்து டாலருக்கும் விற்பவை. சில, விரும்பியதைக் கொடுத்து எடுத்துக்கொள்ளும்படி வைத்திருப்பவை. இட்ச் என்னும் தளத்தில் எழுத்தாளர் சிலர், காசு இல்லாதவருக்கென்றே சில படிகளை இலவசமாக ஒதுக்கி வைக்கிறார்கள். காரணம் கேட்பதில்லை, சான்றிதழ் கேட்பதில்லை. இவ்வளவு இறங்கி வந்த ஒருவரின் நூலையும் அதே பென் டிரைவில் அடைத்து வைப்பதற்கு 'அமெரிக்காக்காரன் பெட்டி' என்னும் காரணம் எப்படிப் பொருந்தும்? இதை நான் கேட்டபோது அண்ணன், "அதையெல்லாம் நான் பார்க்கல தம்பி, கூட்டமா வந்துச்சு" என்றார். உண்மைதான். களவில் எல்லாம் கூட்டமாகத்தான் வருகின்றன. எவருடையது எது என்று பார்க்க நேரம் இருப்பதில்லை.

இரண்டாவது கேள்வி, 'நம்மிடம் கேட்டா எடுத்தான்' என்பது. இதுவும் வெறும் வாய்வீச்சு என்று தள்ளத்தக்கதன்று. நம் நாட்டுப் பச்சீசி இங்கிலாந்துக்குச் சென்று, 1896-இல் லூடோ என்னும் பெயரோடு பேட்டண்ட் உரிமையும் பெற்றுவிட்டது. பரமபதம் கடல் கடந்து பாம்பும் ஏணியும் ஆகி, அமெரிக்காவில் 1943-இல் பாம்பை இழந்து சறுக்குமரமும் ஏணியும் ஆயிற்று. பாட்டிக்கு எவரும் ஒரு காசு அனுப்பவில்லை. ஆயினும், அவர்கள் எடுத்துச் சென்றது ஆட்டத்தை. நாம் எடுப்பது நூலை. இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல என்றே சட்டமும் கூறுகிறது. இதற்கு நம் நாட்டிலேயே நல்ல வழக்கு ஒன்று உண்டு. கல்கத்தாவைச் சேர்ந்த ரஜத் அகர்வாலா, ஜெயந்த் அகர்வாலா என்னும் உடன்பிறந்தார் இருவர், ஸ்கிராபிள் என்னும் சொல்லாட்டத்தை ஒட்டி 'ஸ்கிராபுலஸ்' என்ற பெயரில் இணையத்தில் ஓர் ஆட்டம் அமைத்தனர். முகநூலில் அது உலகெங்கும் பரவிற்று. ஸ்கிராபிளின் உரிமையாளரான மாட்டெல் நிறுவனம் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடியது. 2008 செப்டம்பரில் வந்த தீர்ப்பு இருபுறமும் கூரானது. ஆட்டப்பலகையின் மீதும் விதிகளின் மீதும் பதிப்புரிமை கோரியதை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு விதியைச் சொல்லச் சில வழிகளே உண்டு, அவ்வழிகளை ஒருவருக்கே பூட்டிக் கொடுத்தால் ஆட்டத்தையே பூட்டிக் கொடுத்ததாகிவிடும் என்பது அதன் கருத்து. ஆனால் 'ஸ்கிராபுலஸ்' என்ற பெயர் வணிகச் சின்னத்தைத் தொடுவதாகக் கூறி, அதைப் பயன்படுத்தலாகாது என்று தடுத்தது. சகோதரர்கள் பெயரை மாற்றி ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

ஆகவே, ஒருவருடைய ஆட்டத்தின் விதிகளைக் கற்று, அவற்றை நம் சொற்களில் நாமே எழுதிக்கொண்டால் எவரும் நம்மைக் கையைப் பிடித்துத் தடுக்க முடியாது. அவருடைய சொற்களையும் படங்களையும் பக்க அமைப்பையும் அப்படியே எடுத்துப் பரப்பினால், அது நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடும். சிலர் தில்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கை எடுத்துக்காட்டுவர். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் முதலிய பதிப்பகங்கள் தொடுத்த அவ்வழக்கில், 2016-இல் நீதிமன்றம் மாணவர் பக்கமே நின்றது என்பது மெய். ஆனால் அது ஆசிரியர் குறித்துக் கொடுத்த பாடப்பகுதிகளுக்கு உரிய தீர்ப்பு. விடுதி மாடியில் பூதத்தோடு போரிடுவதைப் பாடத்திட்டத்தில் சேர்க்க நம் கல்விக்குழு இன்னும் இசையவில்லை!

சட்டத்தை இத்துடன் விடுவோம். என் உள்ளத்தில் உறுத்திக்கொண்டிருப்பது சட்டமன்று. என் நண்பன் ஒருவனுக்கு நேர்ந்தது.

அவனும் சித்தூரான். தாய்மொழி தெலுங்கு; தமிழும் நம்மைப் போலவே பேசுவான். அவன் தந்தையார் மாந்தோப்புக் குத்தகைக்காரர். வேனிற்கால விடுமுறையில் தந்தையோடு தாமல்செருவு மாங்காய் மண்டிக்குப் போய்வந்தவன், அந்த மண்டியையே ஓர் ஆட்டமாக்கினான். ஒருவர் தோப்புக்காரர், ஒருவர் தரகர், ஒருவர் கூழ்த் தொழிற்சாலையின் ஆள், ஒருவர் சென்னையிலிருந்து வந்த வியாபாரி. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். அதையே அவன் ஆட்டத்தின் உயிராக வைத்தான். மேசைமேல் ஒரு துண்டு. அதற்கடியில் இருவர் கை. மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் விலை முடியும். மழை வந்தால் கிளிமூக்கு மாங்காயின் விலை சரியும். தொழிற்சாலை கதவைச் சாத்தினால் லாரி வாசலிலேயே அழுகும். இதையெல்லாம் பகடை சொல்லும். இருபத்தெட்டுப் பக்க நூல். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் தெலுங்கு. தமிழ்ப் பக்கத்தை நானும் நம் மன்றத்து நண்பர் இருவரும் பார்த்துக் கொடுத்தோம்.

அந்த நூலுக்கு அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். துண்டுக்கடியில் விலை பேசுவது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் கையை எடுத்த பின் ஒருவர், "நான் மூன்று விரல் பிடித்தேன்" என்றும், மற்றவர், "இல்லை, இரண்டு" என்றும் சொன்னால் என்ன செய்வது? தரகர் இருபுறமும் பொய் சொன்னால்? ஒருவர் நடுவில் எழுந்து போய்விட்டால்? ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்தாறு முறை ஆடிப் பார்த்து, ஒரு வரி எழுதி, அதை அடித்து, வேறு வரி எழுதுவான். பல்லாங்குழிக்குப் பாட்டி பக்கத்திலேயே இருந்தாள்; ஐயம் வந்தால் கேட்கலாம். விதிநூல் எழுதுகிறவன் தான் இல்லாத இடத்தில் தன் பேச்சு நிற்கும்படி எழுத வேண்டும். கதை எழுதுவதைக் காட்டிலும் இது கடினம் என்று நான் நினைக்கிறேன். கதையில் வாசகன் சற்றுத் தவறாகப் புரிந்துகொண்டால் அதையும் சுவை என்று சொல்லித் தப்பலாம்.

நூலை ஐம்பது ரூபாய்க்கு மின்பதிப்பாக விற்றான். பணம் அனுப்பியவருக்குக் கோப்பு மின்னஞ்சலில் போகும். முதல் மாதத்தில் நாற்பத்து மூன்று பேர் வாங்கினர். அவர்களுள் ஒருவர், ஒன்பதாம் பக்கத்தில் தரகுக் கூலி பற்றிய விதியில் ஒரு வரி விட்டுப்போயிருப்பதைக் கண்டு எழுதினார். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் எப்படி ஆடினாலும் தரகரே வெல்வார். நண்பன் அன்றிரவே திருத்தி, வாங்கிய நாற்பத்து மூவருக்கும் புதிய கோப்பை அனுப்பினான். மின்பதிப்பின் பெருமையே இதுதான் என்று அப்போது பேசிக்கொண்டோம். அச்சு நூலாயின் பிழைதிருத்தச் சீட்டு ஒட்டி மாளாது.

ஆனால் அதற்கு முன்பே பழைய கோப்பு ஒரு டெலிகிராம் கூட்டத்துக்குள் போய்விட்டிருந்தது. சில நூறு பேர் கொண்ட கூட்டம். போட்டவர் எவர் என்று தெரியாது. நூலின் அடியில் வாங்கியவர் பெயர் அச்சாகியிருக்குமே, அதைத் தவிர்ப்பதற்காகப் போலும், ஒவ்வொரு பக்கத்தின் அடியையும் முதற்பக்கம் முழுவதையும் வெட்டிவிட்டிருந்தார். முதற்பக்கத்தில்தான் நண்பன் பெயரும், அவன் மின்னஞ்சல் முகவரியும், தந்தையாருக்கு எழுதிய காணிக்கை வரியும் இருந்தன.

சில மாதம் கழித்து வேலூரில் ஒரு கல்லூரி விழாவுக்குச் சென்றிருந்தோம். அங்கே ஒரு மேசையில் துண்டு விரித்து நால்வர் அமர்ந்திருந்தனர். நண்பன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! அருகில் போய் நின்றான். ஆட்டம் முடிந்ததும் ஒரு பெண், "இது நல்ல ஆட்டம்தாங்க, ஆனா எப்படி ஆடினாலும் தரகர்தான் ஜெயிக்கிறார். எழுதினவருக்குக் கணக்கு வராது போல" என்றார். நண்பன், "ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி விட்டுப்போயிருக்கு, அதைச் சேர்த்து ஆடிப் பாருங்க" என்றான். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் அவர். அவன் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அந்தப் பெண் மெய்யாகவே வருந்தினார். அங்கேயே ஐம்பது ரூபாய் அனுப்பவும் செய்தார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. தம் கைக்கு வந்த கோப்பில் பெயரே இல்லை. விலையுள்ள நூல் என்பதே அவருக்குத் தெரியாது.

இரயிலில் திரும்பும்போது நண்பன் சொன்னது எனக்கு வியப்பளித்தது. "பணம் போனா போகட்டும்டா. அந்தத் தப்பு வரி இன்னும் எத்தனை மேசையில ஆடிக்கிட்டிருக்கோ, அதை நான் போய்த் திருத்த முடியாதே" என்றான். அதன் பின் இரண்டாவது ஆட்டம் ஒன்று எழுதத் தொடங்கினான், பாதியில் நிறுத்திவிட்டான். ஏன் என்று கேட்டால் தேர்வு என்கிறான்.

பண்டைக் காலத்தில் நகல் எடுப்பது தொண்டாக இருந்தது. ஓலைக்கு ஆயுள் குறைவு. எவரேனும் பார்த்து எழுதினாலன்றி நூல் அழிந்துபோகும். நம் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையத்தில் உள்ள ஏடுகளைப் போன்றவை எல்லாம் அவ்வாறு எவரோ கை வலிக்க எழுதி வந்தவை. அவர்கள் ஏட்டின் இறுதியில், இன்ன ஆண்டு இன்ன நாளில் இன்னார் எழுதி முடித்தது என்று தம் பெயரையும் குறித்து வைத்தனர். இன்றைய நகலாளரோ தம் பெயரையும் மறைக்கிறார். எழுதியவர் பெயரையும் வெட்டுகிறார். 'நாங்களும் நூலைக் காப்பாற்றுகிறோம்' என்று இவர்கள் சொல்லும்போது எனக்கு அந்த வெட்டுண்ட முதற்பக்கந்தான் நினைவுக்கு வருகிறது.

ஆயினும் மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். பூட்டி வைத்தாலும் நூல் சாகும். இதற்குத் திருமலையைவிட வேறு சான்று வேண்டா. பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அன்னமாசாரியாரின் கீர்த்தனங்களை அவர் மரபினர் செப்பேடுகளில் பொறித்து வைத்தனர். அவை கோயிலுக்குள் ஓர் அறையில் சேமிக்கப்பட்டு, நெடுங்காலம் உலகறியாமல் கிடந்தன. இருபதாம் நூற்றாண்டில் அவை வெளிவந்து அச்சேறியபோது, பாடல் கிடைத்தது. பெரும்பாலானவற்றின் பழைய இசை கிடைக்கவில்லை. இராகத்தின் பெயர் இருந்ததே தவிர, பாடிக்காட்ட வாய் இல்லை. இன்று நாம் கேட்கும் மெட்டுகளில் பல பிற்காலத்தார் அமைத்தவை. செம்பு கெடவில்லை, ஆனால் நாவிலிருந்து நாவுக்குப் போகவேண்டியது போகாமல் நின்றுவிட்டது.

மேசையாட்டப் பதிப்பாளர்களும் பூட்டைத்தான் முதலில் நம்பினார்கள். 2009 ஏப்ரலில் விசார்ட்ஸ் நிறுவனம், தன் நூலொன்றை இணையத்தில் ஏற்றியதாக எட்டுப் பேர்மீது வழக்குத் தொடுத்தது. அதோடு நிற்காமல், தன் பி.டி.எஃப். விற்பனை முழுவதையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டது. அதனால் களவு நின்றதா? நேர்வழிதான் நின்றது. பழைய பதிப்புகளை அந்நிறுவனம் மீண்டும் மின்பதிப்பாக விற்கத் தொடங்கியது 2013-இல்தான். அதே 2009-இல் 'எக்லிப்ஸ் ஃபேஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்ட ஒரு சிறு நிறுவனம் நேர்மாறான வழியில் சென்றது. வணிகம் செய்யாத எவரும் படியெடுக்கலாம், மாற்றலாம், பெயரைக் கூறி அதே உரிமத்தில் பகிருங்கள் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு வெளியிட்டுத் தானே கோப்பையும் பரப்பியது. விற்பனையையும் அது கைவிடவில்லை. பிடித்தவர் வாங்கினர்.

பெருநிறுவனமும் இறுதியில் சிறிது இறங்கி வந்தது, தானாக அன்று. 2000-ஆம் ஆண்டிலிருந்து அது தன் அடிப்படை விதிகளைப் பிறர் பயன்படுத்த ஒரு திறந்த உரிமம் வழங்கியிருந்தது. 2023 சனவரியில் அவ்வுரிமத்தைக் கடுமையாக்கப் போகிறது என்ற செய்தி கசிந்தது. ஆடுவோரும் எழுதுவோரும் உலகெங்கும் கொதித்தெழுந்தனர். அம்மாதம் 27-ஆம் நாள் நிறுவனம் பின்வாங்கி, நானூறு பக்கத்துக்கு மேற்பட்ட அடிப்படை விதித்தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வைத்துவிட்டது. எல்லாப் பூதங்களும் எல்லாக் கதைகளும் அதில் இல்லை. ஆனால் ஆட்டத்தின் எலும்புக்கூடு முழுவதும் இருக்கிறது. எவரும் இறக்கிக்கொள்ளலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம், மொழிபெயர்க்கலாம். மூலம் யாருடையது, நாம் எதை மாற்றினோம் என்பதைக் கூறவேண்டும், அவ்வளவே.

நண்பர்களே, அந்தப் பென் டிரைவில் கிடந்த களவுக் கையேட்டிலிருந்த பெரும்பாலான விதிகள் இந்த இலவசத் தொகுப்பிலும் உண்டு. இதை நம் விடுதியில் பலர் அறியார். அறிந்த பின்னும், "எதுவாயிருந்தால் என்ன, இரண்டும் இலவசந்தானே?" என்று கேட்டவர் உண்டு. ஆடுவதோடு நிற்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். நமக்கு ஆடுவது மட்டுமா வேலை? களவுக் கோப்பைத் தமிழாக்கினால் அதை எங்கே வெளியிடுவது? இவ்விதழில் வெளியிட முடியுமா? நம் மன்றத்தின் பெயரைத்தான் அதன்மேல் போட முடியுமா? இருளில் வாங்கியதை இருளிலேயே வைத்திருக்க வேண்டும். உரிமத்தோடு வந்ததை வெளிச்சத்தில் வைத்து, அதன்மேல் இன்னொன்று கட்டலாம். விசார்ட்ஸ் நிறுவனம் அத்தொகுப்பைப் பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலி, ஸ்பானிய மொழிகளில் தானே வெளியிட்டது. தமிழுக்கு அது வரப்போவதில்லை, தெலுங்குக்கும் வரப்போவதில்லை. நாம் செய்யலாம். தடை ஏதுமில்லை.

செய்துகொண்டும் இருக்கிறோம். போர் பற்றிய பகுதி ஏறத்தாழ முடிந்தது. மந்திரங்கள் பற்றிய பகுதியை எவரும் தொடத் துணியவில்லை. அதில் மட்டுமே நூற்றுக்கணக்கான மந்திரங்கள். சொற்கள் பெருந்தொல்லை தருகின்றன. நஞ்சையோ நெருப்பையோ உடல் தாங்கிற்றா என்று பார்க்க வீசும் பகடைக்கு ஆங்கிலத்தில் 'சேவிங் துரோ' என்கிறார்கள். 'தப்பும் வீச்சு' என்று ஒருவர் எழுதினார். பிழையான வீச்சு என்று படிக்கத் தோன்றியதால் விட்டோம். 'காப்பு வீச்சு' என்று இப்போதைக்கு வைத்திருக்கிறோம். தெலுங்குப் பக்கத்துக்கு மண்டி ஆட்டம் எழுதிய நண்பனையே கேட்டோம். முதலில் மறுத்தான். பிறகு, முதற்பக்கத்தில் எழுதியவர் பெயர்கள் எங்கே வரும், எந்த அளவில் வரும் என்று கேட்டான். காட்டினோம். மூல நிறுவனத்தின் பெயர் மேலே, மொழிபெயர்த்தோர் பெயர்கள் அதன் கீழே. "அந்தக் கோடீசுவரக் கம்பெனிக்கு நாம ஏண்டா இவ்வளவு பெரிய எழுத்துல பெயர் போடணும்?" என்று நம் மன்றத்தில் ஒருவர் முணுமுணுத்தார். நண்பன் அவருக்குப் பதில் சொல்லாமல், தாளை வாங்கி ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பிப் படிக்க ஆரம்பித்துவிட்டான்.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மன்ற அறையில் கூடுகிறோம். 'சேவிங் துரோ' என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் தெரிந்தவர் வரலாம். இருபது முகப் பகடை எங்களிடம் இரண்டு உண்டு.